நிற்க நேரமில்லாத ஊர்

சென்ற மாதம் ஒரு மாலைத் திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பங்கின் மூத்தவர் ஒருவர், நாற்பது ஆண்டுகளாகப் பனியன் தொழிலில் இருப்பவர், அருகில் வந்து சற்றுத் தயங்கி நின்றார். முந்தைய நாள் இரவு பெருமாநல்லூர்ச் சாலையில் ஒரு மொபெட் கவிழ்ந்து கிடந்ததையும், அதன் பக்கத்தில் ஓர் ஆள் குப்புற விழுந்து கிடந்ததையும் தம் காரின் விளக்கொளியில் கண்டதாகச் சொன்னார். (ஒப்புரவு அருளடையாளத்தில் சொன்னதன்று, நாலுபேர் கேட்கச் சொன்னது. எழுதவும் இசைவு தந்தார்.)

“நிறுத்தலாம்னுதான் இருந்தேனுங்க சாமி. அப்புறம் போலீசு, கோர்ட்டுன்னு யாருங்க அலையறது?”

சுற்றி நின்ற நால்வரும் தலையசைத்தார்கள்.

அந்தத் தலையசைப்பை எதிர்த்தே இதை எழுதுகிறேன். அம்மூத்தவர் கெட்டவர் அல்லர். திருவிழாவுக்கு முதல் நன்கொடை அவருடையது. தம் கம்பெனியில் வேலைபார்க்கும் கைம்பெண் ஒருவரின் மகளைக் கல்லூரிக்கு அனுப்பிப் படிக்க வைக்கிறவர். கெட்டவர்களைப் பற்றியதானால் கட்டுரை எதற்கு? நல்லவர்கள் சாலையில் நிற்காமல் போவதற்குக் கையில் வைத்திருக்கும் நியாயம் எவ்வளவு வலுவுள்ளது என்பதே என் வினா.

காவல் நிலையம், நீதிமன்றம் என்னும் அச்சத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. அதை மறுப்பது நேர்மையாகாது. ஸ்கூட்டரில் சென்ற ஒருவர்மீது விரைந்து வந்த கார் மோதியது. வழிப்போக்கர் ஒருவர் குருதி ஒழுக ஒழுக அவரை எடுத்துக்கொண்டு அருகிலிருந்த மருத்துவமனைக்கு ஓடினார். இது காவல்துறை வழக்கு, எங்களுக்கு அதிகாரமில்லை, இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வேறு மருத்துவமனைக்குப் போங்கள் என்று மருத்துவர்கள் அனுப்பிவிட்டார்கள். போய்ச் சேருமுன் அம்மனிதர் இறந்தார். இச்செய்தி நாளிதழில் வந்தது. அதைக் கையிலெடுத்துக்கொண்டு பரமானந்த கடாரா என்பவர் உச்சநீதிமன்றம் சென்றார். உயிரைக் காப்பதே முதற்கடமை, சட்ட நடைமுறை எதுவும் அதற்குக் குறுக்கே நிற்கலாகாது, அரசு மருத்துவர் தனியார் மருத்துவர் என்ற வேறுபாடும் இதில் இல்லை என 1989 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பு வந்தது. கவனியுங்கள்: அந்நிகழ்ச்சியில் சமாரியர் நின்றார், சாவடிக்காரர்தாம் கதவை மூடினார். அத்தகைய காலத்தில் மக்கள் அஞ்சியதில் வியப்பில்லை.

ஆயின் அதற்குப் பிறகும் ஆண்டுகள் பல ஓடிவிட்டன. 2007இல் டில்லிச் சாலையொன்றில் அடிபட்டுக் கிடந்த ஒரு சிறுவனைச் சுற்றிக் கூட்டம் நின்றது, ஒருவரும் தூக்கவில்லை, பையன் இறந்தான். அவனுடைய உறவினர் தொடங்கிய சேவ்லைஃப் பவுண்டேஷன் என்ற அமைப்பு 2012இல் உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. அதன் பயனாக 2015 மே மாதம் மத்திய அரசு நெறிமுறைகளை வகுத்தது. அவற்றுக்குச் சட்டத்தின் வலுவை உச்சநீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று வழங்கியது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது 134ஏ என்றொரு பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்கான விதிகள் 2020 செப்டம்பர் 29 அன்று அரசிதழில் வெளியாயின.

அவ்விதிகள் சொல்வது என்ன? அடிபட்டவரைத் தூக்கிச் சென்று சேர்ப்பவர் தம் பெயரையோ முகவரியையோ தெரிவிக்க வேண்டுமென்று எந்தக் காவலரும் வற்புறுத்தக் கூடாது. சாட்சி சொல்வது அவருடைய விருப்பம். சொல்ல இசைந்தாலும் அவருக்கு வசதியான இடத்தில், வசதியான நேரத்தில் விசாரிக்க வேண்டும். கூடுமானவரை ஒரே தடவையில் முடிக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு உதவும்போது கைதவறி அடிபட்டவருக்குத் தீங்கு நேர்ந்தாலும், அவர் இறந்தே போனாலும், உதவியவர்மீது உரிமையியல் வழக்கும் கிடையாது, குற்றவியல் வழக்கும் கிடையாது. இந்த உரிமைகளை ஒவ்வொரு மருத்துவமனையும் வட்டார மொழியிலும் எழுதி வாசலில் வைக்க வேண்டும். இத்தகைய மனிதருக்கு நாடாளுமன்றம் வைத்த பெயரைக் கேளுங்கள்: நல்ல சமாரியர்! லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரம் இந்திய மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் நுழைந்துவிட்டது. நம் மோட்டார் வாகனங்களுக்குள் இன்னும் நுழையவில்லை.

இதில் மற்றுமொரு பொருத்தம் உண்டு. விதிகள் வெளியாகி நான்காம் நாள், 2020 அக்டோபர் 3 அன்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அசிசியில் ‘ஃபிரதெல்லி தூத்தி’ என்னும் சுற்றுமடலில் கையொப்பமிட்டார். அதன் இரண்டாம் இயல் முழுவதும் வழியில் கிடந்த அந்நியனைப் பற்றியது. ஒரே வாரத்தில் அரசும் திருச்சபையும் ஒரே உவமையை எடுத்து நம் கையில் கொடுத்தன. எத்தனை பங்குகளில் எத்தனை பேருக்கு இவ்விரண்டும் சொல்லப்பட்டன? சேவ்லைஃப் அமைப்பு 2013இல் எடுத்த ஆய்வில் நூற்றுக்கு 74 பேர் அடிபட்டவருக்கு உதவ முன்வர மாட்டோம் என்றார்கள்; அவர்களில் 88 விழுக்காட்டினர் சொன்ன காரணம் காவல்துறை, நீதிமன்றத் தொல்லை. சட்டப் பாதுகாப்பு வந்தபின் 2018இல் மறுபடியும் கேட்டபோது, அப்படியொரு பாதுகாப்பு இருப்பதே 84 விழுக்காட்டினருக்குத் தெரியவில்லை. இந்த அறியாமைக்கு அரசை மட்டும் குறைகூறி நான் நழுவ முடியாது. ஞாயிறுதோறும் ஐந்நூறு பேர் என் முன்னே அமர்ந்து பதினைந்து நிமிடம் எதிர்ப்பேச்சின்றிக் கேட்கிறார்கள். எந்த அமைச்சருக்கும் வாய்க்காத வாய்ப்பு அது. ஓய்வுநாள் பணியைப் பற்றியும் சங்கச் சந்தாவைப் பற்றியும் அறிவிப்புச் செய்த நான் இதை ஒருமுறையும் சொன்னதில்லை.

தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 64,105 சாலை விபத்துகள், 17,884 சாவுகள். நாளொன்றுக்கு 49 பேர். இவர்களில் எத்தனை பேர் முதல் ஒரு மணி நேரத்தில் யாரேனும் நின்றிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று என்னால் எண்ணிச் சொல்ல இயலாது. ஒருவரும் பிழைத்திருக்க மாட்டார் என்று நினைக்க என் மனம் ஒப்பவில்லை.

சரி, சட்டம் தெரிந்துவிட்டது. இனி நிற்போமா? இங்கேதான் எனக்கு ஐயம். அச்சம் என்று நாம் சொல்வது உண்மையில் அச்சம்தானா?

உவமைக்குப் போவோம். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழியில் குரு ஒருவர் விலகிப் போகிறார். பின் லேவியர் போகிறார். இவ்விருவரையும் காப்பாற்ற எங்களைப் போன்ற மறையுரையாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் நியாயம் ஒன்று உண்டு. குருவானவர் பிணத்தைத் தொட்டால் தீட்டுப்படுவார் என்று லேவியர் நூலின் 21ஆம் அதிகாரம் சொல்கிறதே, கிடந்தவன் இறந்திருந்தால் திருக்கோவில் பணி செய்ய முடியாமல் போயிருக்குமே, பாவம், அவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டார் என்பது அந்நியாயம். குருமடத்தில் நானும் இதை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இன்று எனக்கு அது செல்லாத காசாகத் தெரிகிறது. லூக்காவின் சொல்லைப் பாருங்கள்: குரு இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். எருசலேம் மலைமேல் இருக்கிறது. எரிகோ கடல் மட்டத்துக்கும் கீழே, ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட இறக்கத்தில் இருக்கிறது. இறங்குகிறவர் கோவில் முறையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர். தீட்டுப்பட்டால் எந்தப் பலி நின்றுவிடும்? தவிரவும், யூத மரபைத் தொகுத்த மிஷ்னாவில் ‘நசீர்’ என்னும் பகுதி, தன் பெற்றோருக்காகக் கூடத் தீட்டுப்படக் கூடாத தலைமைக் குருவும் வழியில் நாதியற்றுக் கிடக்கும் பிணத்துக்காகத் தீட்டுப்படலாம் என்கிறது. பிணத்துக்கே அப்படியென்றால், உயிர் ஊசலாடுகிறவனுக்கு?

ஆக, அவருடைய சட்டமே அவரைத் தடுக்கவில்லை. நம் சட்டமும் நம்மைத் தடுக்கவில்லை. அவர் ஏன் போனார் என்று இயேசு சொல்லவே இல்லை. காரணத்தை நாம்தாம் பின்னர் இட்டு நிரப்பினோம். நமக்கே ஒரு காரணம் தேவைப்பட்டதால்.

இதைவிட நயமான தப்பித்தலும் ஒன்று உண்டு. ஒரிஜனும் அகுஸ்தினாரும் இவ்வுவமையை உருவகமாக விளக்கினார்கள்: அடிபட்டவன் ஆதாம், கள்வர் அலகையும் அவன் தூதரும், சமாரியர் கிறிஸ்து, சாவடி திருச்சபை, இரண்டு தெனாரியம் அன்பின் இரு கட்டளைகள். அழகான விளக்கம், பிழையென்று நான் சொல்லத் துணியேன். ஆனால் சமாரியர் கிறிஸ்துவாகவே இருந்துவிட்டால் நாம் நிம்மதியாகச் சாவடிக்குள் உட்கார்ந்துகொள்ளலாம். இயேசு முடிவில் திருச்சட்ட அறிஞரிடம் விளக்கம் கேட்கவில்லை; நீரும் போய் அப்படியே செய்யும் என்னும் பொருள்படப் பேசி அனுப்பிவிட்டார்.

அப்படியானால் நாம் ஏன் நிற்பதில்லை? எனக்குத் தெரிந்தவரை இதற்கு நேர்மையான விடையை அளித்தவர்கள் இறையியலார் அல்லர். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் டார்லி, பேட்சன் என்னும் இரு உளவியலார். 1973இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு குருமட மாணவர்களைப் பற்றியது என்பதால் எனக்கு அது உறுத்துகிறது. நாற்பது மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்துக்குச் சென்று சிற்றுரை ஆற்றச் சொன்னார்கள். சிலருக்கு நல்ல சமாரியர் உவமையே உரைப்பொருள், மற்றவர்க்கு வேறொன்று. சிலரிடம் மிகவும் தாமதமாகிவிட்டது, விரைந்து போங்கள் என்றார்கள். சிலரிடம் நேரம் இருக்கிறது என்றார்கள். வழியில் ஒரு வாசற்படியருகே ஒருவர் தலை கவிழ்ந்து, இருமி முனகியபடி கிடந்தார். ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். நேரம் இருந்தவர்களில் நூற்றுக்கு 63 பேர் நின்று உதவினர். விரைந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேரே நின்றனர். எந்தத் தலைப்பில் பேசப் போகிறார்கள் என்பது குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை. நல்ல சமாரியரைப் பற்றிப் பேச ஓடியவர்களில் சிலர் அந்த மனிதரைத் தாண்டிக்கொண்டே ஓடினார்கள்.

சிரிப்பதற்கு முன் என் கதையையும் கேளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிறு அதிகாலை. பங்குக் கோவிலில் முதல் திருப்பலியை முடித்துவிட்டுக் கிளைக் கிராமத்தில் ஏழரை மணித் திருப்பலிக்காகப் போய்க்கொண்டிருந்தேன். பல்லடம் சாலையில் ஓர் இருசக்கர வாகனம் சாய்ந்து கிடந்தது. சாலையோரப் புளியமரத்தடியில் ஓர் இளைஞன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு பேர் அருகில் நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எண்ணினேன். மணி ஏழு இருபத்தைந்து. அவர்கள் உதவிக்குத்தான் அழைத்துக்கொண்டிருந்தார்களா, படம் எடுத்துக்கொண்டிருந்தார்களா என்பது எனக்குத் தெரியாது. அவன் என்ன ஆனான் என்பதும் தெரியாது. திருப்பலி சரியான நேரத்தில் தொடங்கியது. அன்று நான் எந்த நற்செய்தியை விளக்கினேன் என்பதுகூட இப்போது நினைவில்லை. எனக்குக் காவல்துறை அச்சம் இல்லை. வெள்ளை அங்கி போட்டவனை எந்தக் காவலர் அதட்டப் போகிறார்? எனக்கு இருந்தது அவசரம் மட்டுமே. அதுவும் ‘புனிதமான’ அவசரம்.

எங்கள் ஊரில் அவசரம் ஒரு நற்பண்பு. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். திருப்பூரில் நேரம் என்பது பணத்தின் மறுபெயர். சரக்கு குறித்த நாளில் தூத்துக்குடியில் கப்பல் ஏறாவிட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்தச் செலவு கம்பெனியின் தலையில். கம்பெனியின் தலையிலிருந்து அது சூப்பர்வைசரின் குரலுக்கு இறங்கும்; அங்கிருந்து டெய்லரின் கால்களுக்கு இறங்கும். காலை எட்டரைக்கு உள்ளே இருக்க வேண்டும். ஒரு ஷிப்ட் போதாமல் ஒன்றரை ஷிப்ட் என்று ஒரு கணக்கையே கண்டுபிடித்தவர்கள் நாங்கள். இரவு வீடு திரும்புகையில் உடலில் ஒன்றும் மிச்சமிராது. இந்த உழைப்பால்தான் ஊர் எழுந்தது. பல ஆயிரம் குடும்பங்கள் கடனின்றிச் சோறுண்டன. நான் அதை இகழவில்லை. ஆனால் இந்த ஓட்டத்தில் நிற்பவன் தோற்றவன் என்று நம் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டோம். சாலையோரம் கிடப்பவனைக் காணும்போது நம் மனத்தில் எழும் முதல் எண்ணம் ‘ஐயோ’ அன்று; ‘எவ்வளவு நேரம் ஆகும்?’ என்பதே.

எங்கள் பங்கில் செக்கிங் வேலைபார்க்கும் ஓர் இளம்பெண் இருக்கிறார். காலையில் வேலைக்குப் போகும் வழியில், பேருந்து நிறுத்தத்தருகே ஒரு மூதாட்டியை இருசக்கர வாகனம் தட்டிவிட்டுப் போனது. இந்தப் பெண் ஆட்டோ பிடித்து மூதாட்டியை மருத்துவமனையில் சேர்த்து, மகன் வரும்வரை உடனிருந்தார். கம்பெனி வாசலை அடைந்தபோது மணி பத்தேகால். அரை ஷிப்ட் போயிற்று என்றார்கள். ஆட்டோ வாடகையும் அவருடையது. சமாரியர் சாவடிக்காரரிடம் கொடுத்த இரண்டு தெனாரியம் இரண்டு நாள் கூலிக்குச் சமம் என்று விவிலிய அகராதிகள் சொல்கின்றன. இந்தப் பெண்ணின் தெனாரியத்தை வசூலித்தது அவர் வேலைபார்க்கும் இடமே. அவர் என்னிடம் குறையாகச் சொல்லவில்லை. அடுத்த முறையும் நிற்பீர்களா என்று கேட்டேன். சிறிது யோசித்து, “மாசக் கடைசியா இருந்தா தெரியலைங்க ஃபாதர்” என்றார்.

2021இல் மத்திய அரசு இத்தகையோருக்கு ஐயாயிரம் ரூபாய் பரிசு அறிவித்தது. நல்ல நோக்கம்தான். எனக்கென்னவோ அதில் மனம் ஒட்டவில்லை. சமாரியர் பணம் கொடுத்தவர், வாங்கியவர் அல்லர். அந்தப் பெண்ணுக்குப் பரிசு வேண்டாம். அரை ஷிப்டைப் பிடிக்காமல் இருந்தால் போதும்.

அவசரத்தை மீற முடியாது என்று சொல்பவர்களுக்கு நம் மாவட்ட மண்ணிலேயே விடை கிடக்கிறது. 2020 பிப்ரவரி 20 விடியற்காலை, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் சென்றுகொண்டிருந்த கேரள அரசுப் பேருந்துமீது அவிநாசி அருகே கன்டெய்னர் லாரி ஒன்று சாலை நடுத்தடுப்பைத் தாண்டி வந்து மோதியது. பத்தொன்பது பேர் இறந்தனர். அவ்விடத்தைக் கடந்து செல்லும்போதெல்லாம் எனக்கு அந்த எண்ணிக்கையைவிட இருவரின் நினைவே வரும். பேருந்தின் ஊழியர்களான கிரீஷ், பைஜு ஆகிய இருவரும் இறந்தவர்களுள் இருந்தனர். 2018இல் இதே வழித்தடத்தில் பெங்களூர் நோக்கிச் செல்கையில், இரவில், ஒரு பெண் பயணிக்கு வலிப்பு வந்தது. பேருந்து நிறையப் பயணிகள். போய்ச் சேர வேண்டிய நேரம் அட்டவணையில் அச்சிட்டிருக்கிறது. அவர்கள் அந்த நெடிய வண்டியைத் திருப்பி ஓசூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அதோடு கடமை தீர்ந்தது என்று விடவில்லை. ஒருவர் உறவினர் வரும்வரை அந்தப் பெண்ணுக்குத் துணையாக மருத்துவமனையில் தங்கினார். மற்றவர் மீதிப் பயணிகளோடு வண்டியை ஓட்டிச் சென்றார். அவர்களுடைய கழகமும் அதைப் பாராட்டிற்று.

வண்டியைத் திருப்பினார்கள். நினைத்துப் பாருங்கள். நிறுத்துவதுகூட அன்று, திருப்புவது! நேரத்துக்குக் கட்டுப்பட்ட அரசு ஊழியர்கள், யாரோ ஒருவருக்காக, வந்த வழியே திரும்பினார்கள். பேருந்தில் இருந்தவர்களும் முணுமுணுக்கவில்லை என்றே கொள்கிறேன். அல்லது முணுமுணுத்தவர்களை அவர்கள் பொருட்படுத்தவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அவர்கள் நம் அவிநாசியில் இறந்தபோது, அந்த இருட்டில் அப்பகுதி மக்கள் காவல்துறையினரோடும் தீயணைப்புத் துறையினரோடும் சேர்ந்து மீட்புப் பணி செய்தார்கள். நம் மக்களுக்குக் கை நீளாது என்று நான் சொல்லவில்லை. பெருவிபத்தில் நீளும் கை, ஒற்றை மொபெட் கவிழ்ந்து கிடக்கையில் ஸ்டியரிங்கை விடுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கசப்பானது. கிடப்பவன் யார் என்று பார்த்தபின் காலை எடுப்பதா வைப்பதா என்று முடிவு செய்கிறோம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளம், அசாம் என எங்கெங்கிருந்தோ வந்த இளைஞர்களின் கைகள் இல்லாவிட்டால் இன்று திருப்பூரில் பல தறிகளும் தையல் மேசைகளும் நிற்கும். அவர்களை நாம் அழைப்பது ‘வடக்கன்’ என்று. சற்று மரியாதையுள்ளவர்கள் ‘இந்திக்காரப் பையன்’ என்பார்கள். ஒடியாவும் வங்காளமும் பேசுகிறவர்களுக்கும் அதே பெயர்தான். குடிபோதையில் விழுந்திருப்பான் என்ற தீர்ப்பும் அவர்களுக்கு மட்டும் உடனே கிடைத்துவிடுகிறது. அடிபட்டுக் கிடக்கும் அப்பையனால் 108ஐ அழைத்துத் தான் எங்கே கிடக்கிறேன் என்று சொல்ல முடியுமா? இடுவாய் என்றும் இடுவம்பாளையம் என்றும் நம் ஊர்ப்பெயர்கள் அவன் நாவில் எப்படி வரும்? அவனுக்கு அந்த நேரத்தில் வேண்டியது மருத்துவர்கூட அன்று. தமிழில் வழி சொல்லத் தெரிந்த ஒரு வாய்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத்தவர் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்யான காணொளிகள் பரவின. பீகார் அரசு அனுப்பிய குழு திருப்பூருக்கும் வந்து விசாரித்தது. செய்தி பொய் என்று மெய்ப்பிக்கப்பட்டது. நாமும் நிம்மதியாக மூச்சுவிட்டோம். நம்மேல் வீண்பழி என்று மேடைதோறும் பேசினோம். அந்தப் பொய்யை அவ்வளவு பேர் ஏன் அவ்வளவு விரைவாக நம்பினார்கள் என்று நாம் கேட்டுக்கொள்ளவில்லை. பத்து ஆண்டு ஒரே தெருவில் குடியிருந்தும் பெயர் தெரியாத மனிதர்கள், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி எதையும் நம்புவார்கள்.

சமாரியருக்கும் யூதருக்கும் இருந்த பகை இதைவிடச் சிறியதன்று. கெரிசிம் மலையில் இருந்த சமாரியரின் கோவிலை யூத ஆட்சியாளர் யோவான் இர்க்கானு இடித்துத் தள்ளினார். இயேசுவின் இளமைக் காலத்தில் பாஸ்கா விழாவின்போது சமாரியர் சிலர் எருசலேம் கோவில் வளாகத்தில் மனித எலும்புகளை இறைத்துவிட்டுப் போனதாக வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதுகிறார். இந்தப் பின்னணியில்தான் இயேசு கதை சொல்கிறார். கிடப்பவன் அந்நியன், நீ உதவு என்று அவர் கதையை அமைத்திருந்தால் கேட்டவர்கள் பெருந்தன்மையோடு தலையசைத்திருப்பார்கள். அவர் மாற்றி அமைத்தார்: கிடப்பவன் உங்கள் ஆள், நின்றவன் அந்நியன். திருச்சட்ட அறிஞருக்குச் ‘சமாரியர்’ என்ற பெயரைச் சொல்ல நா எழவில்லை. இரக்கம் காட்டியவர் என்று சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தார். நம் சாலையில் நாம் விழுந்து கிடக்கும்போது நம்மைத் தூக்கப் போகிறவன், இரவு ஷிப்ட் முடிந்து கூட்டமாக நடந்து வரும் அந்தப் பையன்களில் ஒருவனாக இருக்கக் கூடும். அவர்களுக்கு நம்மைவிடக் குறைவாகவா வேலை?

தமிழக அரசு 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இவ்விடத்தில் நம்மைவிட நற்செய்தியை நன்கு உணர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் ஆனாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை என்பது அதன் விதி. சாவடிக்காரருக்குத் தெனாரியமும் அரசு கொடுத்துவிடுகிறது. சாவடிவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் கழுதைதான் வேண்டியிருக்கிறது.

மறுப்புகள் வரும், வரட்டும். அடிபட்டவர்போல் நடித்து வண்டியை நிறுத்திக் கொள்ளையடிப்பவர்கள் இருக்கிறார்களே என்பர் சிலர். இருக்கிறார்கள். எரிகோ சாலையிலும் அந்த அச்சம் இருந்திருக்கும். கள்வர் அங்கேயே மறைந்திருக்கலாம். நள்ளிரவில் தனியே வண்டி ஓட்டும் பெண் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்; அப்படிச் சொல்பவன் மூடன். கதவைத் திறக்காமல் 108ஐ அழைக்கலாம். அடுத்த சுங்கச்சாவடியிலோ பெட்ரோல் பங்கிலோ நிறுத்தி ஆள் கூட்டி வரலாம். பட்டப்பகலில், நூறு வண்டிகள் போகும் குமரன் சாலையில் நமக்கு எந்தக் கொள்ளையன் அச்சம்?

108தான் இருக்கிறதே, அழைத்தால் போதாதா என்பர் வேறு சிலர். 2008 முதல் நம் மாநிலத்தில் அந்த வண்டி ஓடுகிறது; எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் அது வந்து சேரும்வரை யார் இருப்பது? கிடப்பவன்மேல் இன்னொரு லாரி ஏறாமல் யார் கைகாட்டி நிற்பது? ஆம்புலன்ஸை நல்ல சாக்காக ஆக்கிக்கொண்டோம். அதே போலத்தான், பயிற்சியில்லாத நாம் தொட்டால் தீங்காகுமே என்பதும். மெய்தான், கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை இழுத்துத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் புகட்டுவது தவறு. அசைக்காமல் விட்டு, குருதி வழியும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்க என்ன பயிற்சி வேண்டும்? திருப்பூரில் துணிக்கா பஞ்சம்?

எல்லா நிறுத்தமும் குருதி தோய்ந்தது அன்று. பெட்ரோல் தீர்ந்து குழந்தையோடு வண்டியைத் தள்ளிப் போகும் தகப்பன், கடைசிப் பேருந்தைத் தவறவிட்டுப் பழைய பேருந்து நிலையத்தில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண், ஊருக்குத் திரும்பும் ரயில் எந்த நடைமேடை என்று தெரியாமல் விழிக்கும் சிறுவன். இவர்களுக்குச் சட்டமும் தேவையில்லை, துணிவும் தேவையில்லை. ஐந்து நிமிடம் போதும். அதைத்தான் நம்மால் தர முடிவதில்லை.

பனியன் கம்பெனி நடத்தும் எங்கள் பங்கு மக்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வேண்டுகோள் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். வழியில் ஒருவருக்கு உதவியதால் தாமதமாக வந்தேன் என்று சொல்கிற தொழிலாளிக்கு அன்று ஷிப்ட் பிடிக்காதீர்கள். பொய் சொல்வார்களே என்பீர்கள். ஆண்டில் இரண்டு பேர் பொய் சொல்லட்டும். அந்த நட்டம் உங்கள் திருவிழா நன்கொடையில் ஒரு விளக்குத் தோரணத்துக்கும் வராது. வேண்டுமானால் தோரணத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். கோவில் அறிவிப்புப் பலகையில் 134ஏ பிரிவு சொல்வதைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி வைக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். ஒடியாவில் எழுத ஓர் ஒடிசா இளைஞரே முன்வந்திருக்கிறார். அவர் பெயரை இப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அந்த மூத்தவரை மறுவாரம் கண்டு விதிகளைப் படித்துக் காட்டினேன். “பேரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லைங்களா?” என்று இரண்டு முறை கேட்டார். வேண்டியதில்லை என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, அந்த மொபெட்காரரைப் பற்றி விசாரித்துப் பார்க்கப் போவதாகச் சொன்னார்.

என் பங்குக்கு, கிளைக் கிராமத்து மக்களுக்கு ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை ஏழரைக்கு நான் வந்து சேராவிட்டால் யாரும் கைப்பேசியில் அழைத்து அவசரப்படுத்த வேண்டாம். செபமாலையைத் தொடங்கிவிடுங்கள், ஐம்பத்து மூன்று மணி முடிந்தும் வரவில்லையென்றால் இரண்டு பேர் பல்லடம் சாலைப் பக்கம் வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள். வரும்போது துணி கொண்டு வாருங்கள்.